பனை இல்லாத ‘பாம்’, மூங்கில் இல்லாத ‘பாம்பூ’... செல்லப் பிராணி இருக்கும் வீட்டில் செடியின் பெயர் ஏன் முக்கியம்?

நர்சரிக்குப் போய், “ஹால்ல வைக்க ஒரு பாம் குடுங்கண்ணே” என்று கேட்டால் பெரும்பாலும் இரண்டு தொட்டிகளைக் காட்டுவார்கள். ஒன்று, மூங்கில் போல மெல்லிய தண்டுகளும் இறகு போல வளைந்த இலைகளும் கொண்ட அரிக்கா பாம். இன்னொன்று, குட்டையான தடித்த அடிமரமும், அதன் உச்சியில் வட்டமாக விரிந்த விறைப்பான இலைகளும் கொண்ட சைகஸ். இதை ‘சாகோ பாம்’ என்றும் சொல்வார்கள். இரண்டும் அழகுதான். இரண்டையும் வளர்ப்பதும் சுலபம்தான்.

ஆனால், வீட்டில் ஒரு நாய்க்குட்டி இருந்தால் இந்த இரண்டுக்கும் இடையே உள்ள வித்தியாசம் மிகப் பெரியது. அரிக்கா பாம் இலையைக் கடித்தால் அதிகபட்சம் வயிறு லேசாகக் கலங்கலாம். சைகஸ் விதை ஒன்றிரண்டைக் கடித்துத் தின்றாலே நாயின் கல்லீரல் செயலிழந்துபோகலாம்.

பெயரில் ‘பாம்’ இருந்தாலும் சைகஸ் பனைக் குடும்பத்தைச் சேர்ந்ததே அல்ல. பூக்கும் தாவரமும் அல்ல. பைன் மரத்தைப் போல கூம்பு விடும் பழமையான தாவர வகை. கடைக்காரர் பொய் சொல்லவில்லை. பார்க்கப் பனை போல இருக்கிறது, அதனால் அந்தப் பெயர். வாங்குபவரும் பெயரைக் கேட்டு நிம்மதியாக வாங்கிக்கொண்டு வருகிறார்.

செல்லப் பிராணிகளும் செடிகளும் ஒன்றாக இருக்கும் வீடுகளில் பல சிக்கல்கள் இங்கேதான் ஆரம்பிக்கின்றன. செடியில் நஞ்சு இருப்பது புதிய விஷயம் இல்லை. நம் வீட்டில் இருக்கும் செடி எது என்பதே நமக்குச் சரியாகத் தெரியாமல் இருப்பதுதான் பெரிய ஆபத்து. ஏதாவது நடந்து மருத்துவரிடம் ஓடும்போது அவர் கேட்கும் முதல் கேள்வியே, “என்ன செடி தின்னுச்சு?” என்பதுதான். “ஏதோ பாம்” என்ற பதிலை வைத்துக்கொண்டு அவரால் எதையும் தீர்மானிக்க முடியாது.

“அதுக்கே தெரியும்” என்பது உண்மையா?

‘எது ஆகும், எது ஆகாதுன்னு வாயில்லா ஜீவனுக்கே தெரியும்’ என்று வீட்டுப் பெரியவர்கள் சொல்வது உண்டு. வயிறு சரியில்லாதபோது நாய் அருகம்புல்லைத் தேடித் தின்பதைப் பார்த்து வந்த நம்பிக்கை அது.

ஆனால், வீட்டில் வளரும் நாய்க்கும் பூனைக்கும் அந்த அறிவு எல்லாச் செடிகளுக்கும் கிடையாது. சைகஸின் சொந்த ஊர் ஜப்பானின் தென்பகுதி. டைஃபன்பேக்கியா அமெரிக்கக் கண்டத்தின் வெப்பமண்டலக் காடுகளிலிருந்து வந்தது. அடீனியம் ஆப்பிரிக்கா, அரேபியாவின் வறண்ட நிலங்களைச் சேர்ந்தது. இவற்றைப் பற்றி நம் வீட்டு நாய்க்கு எப்படித் தெரியும்? தவிர, பல் முளைக்கும் பருவத்தில் இருக்கும் குட்டி பசிக்காகக் கடிப்பதில்லை. செருப்பு, நாற்காலிக் கால், பூந்தொட்டி என எதிரில் எது இருக்கிறதோ அதைக் கடிக்கும்.

பூனையின் பழக்கம் வேறு. அது நாள் முழுக்கத் தன் ரோமத்தை நக்கிச் சுத்தம் செய்யும். செடியைத் தின்னவே வேண்டாம். உரசிக்கொண்டு போகும்போது உடம்பில் ஒட்டும் மகரந்தத்தை நக்கினாலே போதும், உள்ளே போய்விடும். பூனை வளர்ப்பவர்கள் லில்லி விஷயத்தில் கூடுதல் கவனமாக இருக்க வேண்டியது இதனால்தான்.

‘லில்லி’ என்ற ஒரே பெயரில் நான்கு செடிகள்

பெயர்க் குழப்பம் உயிருக்கே உலை வைப்பது லில்லியில்தான். கடைகளிலும் வீடுகளிலும் லில்லி என்று அழைக்கப்படும் செடிகள் பல. அவற்றில் நான்கைத் தெரிந்துகொள்ளுங்கள்.

முதலாவது, உண்மையான லில்லி. பூக்கடைகளில் ‘லில்லியம்’ என்று சொல்வார்கள். நீலகிரியில் பசுமைக்குடில்களில் வளர்க்கப்பட்டு பொக்கேக்களில் நம் வீட்டுக்கு வருவது இதுதான். ஈஸ்டர் லில்லி, ஆசியாட்டிக் லில்லி, ஓரியன்டல் லில்லி, டைகர் லில்லி எல்லாம் இந்த வகை. தோட்டத்தில் வளர்க்கும் டே லில்லி வேறு குடும்பம் என்றாலும், பூனைக்கு அதே ஆபத்தைத் தரக்கூடியது. இந்த இரண்டு வகைகளின் இலை, பூ, தண்டு, மகரந்தம், ஏன், பூச்சாடித் தண்ணீர்கூடப் பூனையின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யும்.

இரண்டாவது, பீஸ் லில்லி. வெள்ளைப் படகு போன்ற பூவுடன் அலுவலகங்களில் இருக்குமே, அது. பெயர்தான் லில்லி. இது சேப்பங்கிழங்குக் குடும்பம். தின்றால் வாய் எரியும், எச்சில் ஒழுகும், சிறுநீரகத்தைப் பாதிக்காது.

மூன்றாவது, மழை பெய்ததும் பூக்கும் ரெயின் லில்லி. இதுவும் உண்மையான லில்லி இல்லை. ஆனால், இதன் கிழங்கில் நச்சு உண்டு. மண்ணைத் தோண்டும் பழக்கமுள்ள நாய்கள் கிழங்கைக் கடித்தால் வாந்தி, வயிற்றுப்போக்கு வரலாம்.

நான்காவது, ஃப்ளேம் லில்லி அல்லது குளோரியோசா லில்லி. இந்தப் பெயர் புதிதாகத் தெரிந்தாலும் பூ நமக்கு நன்றாகத் தெரிந்ததுதான். தமிழ்நாட்டின் மாநில மலரான செங்காந்தள்! கண்வலிக்கிழங்கு என்று கரூர், திண்டுக்கல், திருப்பூர் மாவட்டங்களில் விதைக்காகப் பயிரிடுகிறார்கள். இதில் உள்ள கோல்ச்சிசின் மருந்து தயாரிக்கப் பயன்படுகிறது. அதே பொருள்தான் நஞ்சும். முக்கியமாகக் கிழங்கும் விதையும் நாய், பூனை இரண்டுக்குமே உயிராபத்து.

ஆக, “லில்லி தின்னுடுச்சு டாக்டர்” என்று மட்டும் சொன்னால் அது வாய் எரிச்சலா, சிறுநீரகச் செயலிழப்பா, கோல்ச்சிசின் நஞ்சா என்று மருத்துவருக்குத் தெரியாது. மூன்றுக்கும் சிகிச்சை வேறு.

18 மணி நேரம்தான் கையில்!

ஒரு வீட்டில் சனிக்கிழமை மாலை பிறந்தநாள் விழா என்று வைத்துக்கொள்வோம். விருந்தாளி கொண்டுவந்த பொக்கேயில் நாலு லில்லியம் பூக்கள். மேஜை மேல் வைத்துவிட்டு எல்லோரும் படுத்துவிட்டார்கள். இரவில் பூனை மேஜை ஏறி இலையைக் கொறித்திருக்கிறது. விடிவதற்குள் இரண்டு மூன்று முறை வாந்தி. காலையில் பார்த்தவர்கள், ‘கேக் தின்னிருக்கும்போல’ என்று துடைத்துவிடுகிறார்கள்.

சில மணி நேரத்தில் வாந்தி தானாக நின்றுவிடும். பூனை ஒரு மூலையில் சுருண்டு படுத்துக்கொள்ளும். ‘சரியாயிடுச்சு, தூங்குது’ என்று தோன்றும். ஆனால், அந்த நேரத்தில்தான் உள்ளே சிறுநீரகம் பழுதாகத் தொடங்கியிருக்கும். 24 முதல் 72 மணி நேரத்துக்குள் சிறுநீரகம் செயலிழந்துபோகும். திங்கட்கிழமை காலை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடும்போது அவர் செய்வதற்கு அநேகமாக ஒன்றும் இருக்காது.

அதே பூனையை, இலை கடிபட்டிருப்பதைப் பார்த்தவுடன் கொண்டுபோயிருந்தால்? நரம்பு வழியாகத் தொடர்ந்து திரவம் ஏற்றிச் சிறுநீரகத்தைக் காப்பாற்ற நல்ல வாய்ப்பு உண்டு. தின்று 18 மணி நேரம் தாண்டிய பிறகு சிகிச்சை ஆரம்பித்தால் பாதிப்பைப் பெரும்பாலும் திருப்ப முடியாது என்கிறது கால்நடை மருத்துவம். ஞாயிற்றுக்கிழமை காலைக்கும் திங்கட்கிழமை காலைக்கும் உள்ள வித்தியாசம் ஓர் உயிர்.

ஆகவே, பூனை இருக்கும் வீட்டுக்கு லில்லியம், டே லில்லி இரண்டும் வேண்டாம். ‘உயரத்தில் வைத்தால் போதும்’ என்பது பூனை விஷயத்தில் செல்லாது. யாராவது பொக்கே கொடுத்தால் நன்றி சொல்லி வாங்கி, லில்லியை மட்டும் எடுத்து, பூனை கிளற முடியாதபடி கட்டி, வெளியே குப்பையில் சேர்த்துவிடுங்கள். நாய்க்கு இந்தச் சிறுநீரக பாதிப்பு வருவதில்லை. அதிகபட்சம் வயிற்றுக் கோளாறு.

சைகஸ்: விதைதான் எமன்

மறுபடி சைகஸுக்கு வருவோம். செடி முழுவதிலும் நஞ்சு இருந்தாலும் விதையில்தான் மிக அதிகம். பெண் செடியின் உச்சியில் சிவப்பு, ஆரஞ்சு நிறத்தில் விதைகள் இருக்கும். கீழே உருண்டு விழுந்தால் நாய்க்கு அது விளையாட்டுப் பந்து மாதிரி.

தின்ற சில மணி நேரத்தில் வாந்தி, சோர்வு தொடங்கும். கல்லீரல் பாதிப்பு வெளியே தெரிய இரண்டு மூன்று நாள் ஆகலாம். கண்ணும் ஈறும் மஞ்சளாவது, உடலில் ரத்தக் கசிவு, நடக்கத் தடுமாறுவது எல்லாம் அப்போதுதான் தெரியவரும். அதற்குள் நிலைமை கையை மீறிப்போயிருக்கும்.

‘சாகோ’ என்ற பெயரைக் கேட்டு, ‘ஜவ்வரிசிதானே’ என்று நினைப்பவர்களும் உண்டு. நம் ஊர் ஜவ்வரிசி சேலம் பக்கத்து ஆலைகளில் மரவள்ளிக்கிழங்கிலிருந்து தயாராவது. அதற்கும் இந்தச் செடிக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மூங்கிலும் இல்லை, ஃபெர்னும் இல்லை

மேஜை மேல் கண்ணாடிக் குவளையில் தண்ணீர் ஊற்றி வைக்கும் ‘லக்கி பாம்பூ’ மூங்கில் இனமே இல்லை. டிரசீனா என்ற செடியின் ஒரு வகை. பூனை கடித்தால் வாந்தி, எச்சில் ஒழுகுதல், கண்ணின் பாப்பா விரிந்து காணப்படுதல் போன்றவை வரும். ‘ஸ்நேக் பிளான்ட்’டையும் இப்போது தாவரவியலாளர்கள் டிரசீனாவில்தான் சேர்த்திருக்கிறார்கள். இரண்டுமே பொதுவாக உயிரை எடுப்பவை அல்ல. ஆனால், வீட்டில் அவதி நிச்சயம்.

பொக்கேயில் ரோஜாவுக்குத் துணையாக வைக்கும் மெல்லிய பச்சை, ‘அஸ்பராகஸ் ஃபெர்ன்’. இதுவும் ஃபெர்ன் இல்லை. நம் ஊர் தண்ணீர்விட்டான் கிழங்கின் சொந்தக்காரச் செடி. இதன் சின்னச் சின்னப் பழங்கள் வாந்தி, வயிற்றுப்போக்கைத் தரும். உண்மையான பாஸ்டன் ஃபெர்ன் பாதுகாப்பானது.

இரவில் தெருவே மணக்கும் ‘இரவு ராணி’யைச் சில நர்சரிகளில் நைட் ஜாஸ்மின் என்று விற்கிறார்கள். இது மல்லிகைக் குடும்பம் அல்ல, கத்தரிக் குடும்பம். இதன் இலையிலும் பழத்திலும் நஞ்சு உண்டு. பந்தலில் படரும் நம் மல்லிகைக்கு அந்தப் பிரச்னை கிடையாது.

வாயை அரிக்கும் கூட்டம்

கருணைக்கிழங்கை நறுக்கினால் கை அரிக்கும், சரியாக வேகாமல் தின்றால் தொண்டை அரிக்கும். புளி சேர்த்துச் சமைப்பது அதற்காகத்தான். கிழங்கில் இருக்கும் கால்சியம் ஆக்சலேட் என்ற ஊசி போன்ற நுண்படிகங்கள்தான் அந்த அரிப்புக்குக் காரணம்.

அதே ஊசிகள்தான் மணி பிளான்ட், டைஃபன்பேக்கியா, ஃபிலோடென்ட்ரான், மான்ஸ்டீரா, அக்லோனிமா, கலேடியம், சிங்கோனியம், ஆந்தூரியம், பீஸ் லில்லி ஆகியவற்றிலும் இருக்கின்றன. இன்று நகரத்து வீடுகளில் இருக்கும் உள்ளறைச் செடிகளில் பெரும்பகுதி இந்தக் கூட்டம்தான்.

பிராணி இலையைக் கடித்த நொடியே வாயில் ஊசி குத்துவது போல இருக்கும். உடனே தலையை உதறும், எச்சில் கொட்டும், முன்னங்காலால் வாயைத் தேய்க்கும். வலிப்பதால் பெரும்பாலும் அதற்கு மேல் தின்னாது. வாயைத் தண்ணீரால் மெதுவாகக் கழுவிவிட்டு மருத்துவரிடம் போனில் கேட்டுக்கொள்ளலாம். நாக்கோ தொண்டையோ வீங்கி, மூச்சுவிடச் சிரமப்பட்டால் மட்டும் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது.

மணி பிளான்ட் இருப்பதற்காக யாரும் பயந்து நடுங்க வேண்டியதில்லை. தொங்குதொட்டியில் உயர மாட்டி, நீளும் கொடியை வெட்டிவிட்டால் நாய் இருக்கும் வீட்டுக்குப் போதும். கிறிஸ்துமஸ் சமயத்தில் விற்கும் சிவப்பு பாயின்செட்டியாவும் அப்படித்தான். கொடிய விஷம் என்று பரவலாகப் பேசப்பட்டாலும், அதன் பால் வாயிலும் வயிற்றிலும் லேசான எரிச்சலைத் தருவதோடு சரி. பயப்பட வேண்டிய செடிகள் வேறு.

வாசலிலேயே நிற்கும் ஆபத்து

நெடுஞ்சாலை நடுவில் கிலோமீட்டர் கணக்கில் பூத்து நிற்கிறதே அரளி... வறட்சியைத் தாங்கும், மாடு மேயாது என்பதால்தான் அங்கே நடுகிறார்கள். இலை, பூ, தண்டு, வேர் என எல்லாவற்றிலும் இதயத் துடிப்பைத் தாறுமாறாக்கும் நஞ்சு இருக்கிறது. மஞ்சள் நிறத்தில் மணி போலப் பூக்கும் பொன்னரளியும் அதே ரகம்.

கேரளத்தில் அரளியின் நச்சுத்தன்மை குறித்து அச்சம் எழுந்ததை அடுத்து, 2024 மே மாதத்தில் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு தன் கோயில்களில் நைவேத்தியத்திலும் பிரசாதத்திலும் அரளிப்பூ சேர்ப்பதை நிறுத்த முடிவு செய்தது. மனிதர்களுக்கே இவ்வளவு எச்சரிக்கை என்றால், தரையில் கிடப்பதையெல்லாம் வாயில் வைக்கும் பிராணிகளுக்கு எவ்வளவு வேண்டும்?

இதில் பலர் கவனிக்காத ஒரு விஷயம் உண்டு. பச்சை அரளியின் கசப்பில் மாடு வாயை எடுத்துவிடும். ஆனால், காய்ந்த அரளி இலையிலும் நஞ்சு அப்படியே இருக்கும். வேலி ஓரத்து அரளியைக் கவாத்து செய்து, வெட்டிய கிளைகளைத் தெருவில் போட்டால் அதைத் தெருவில் திரியும் ஆடு, மாடு மற்ற தழையோடு சேர்த்துத் தின்றுவிடும். அரளியை வெட்டினால் மூட்டை கட்டி அப்புறப்படுத்துங்கள்.

மாடித்தோட்டங்களில் குண்டான அடித்தண்டோடு ரோஜா நிறத்தில் பூக்கும் அடீனியமும் அரளிக் குடும்பத்தைச் சேர்ந்ததுதான். அதே போன்ற இதய நஞ்சு கொண்டது. சின்னத் தொட்டிகளில் கொத்துக்கொத்தாகப் பூக்கும் கலாஞ்சோவும், மூலிகை என்று வளர்க்கும் ரணகள்ளியும் இன்னொரு வகை இதய நஞ்சு உடையவை. ஊமத்தையின் விதை நரம்பு மண்டலத்தைத் தாக்கும். கண்ணின் பாப்பா விரியும், பிராணி நிலை தடுமாறும். சோற்றுக்கற்றாழையில் தோலுக்கு அடியில் கசியும் மஞ்சள் பால் நாய்க்கும் பூனைக்கும் வயிற்றுப்போக்கைத் தரும்.

பண்டிகை முடிந்த பிறகு...

விநாயகர் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையார் வாங்கினால், கண்ணுக்கு வைத்திருப்பது குண்டுமணி. சிவப்பு உடம்பில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதைக்குள் அப்ரின் என்ற கொடிய நஞ்சு உண்டு. மேல்தோல் மிகக் கடினம் என்பதால் முழுதாக விழுங்கினால் சில நேரம் அப்படியே வெளியே வந்துவிடும். கடித்து உடைந்தாலோ, விதையில் துளை இருந்தாலோ ஆபத்து.

பிள்ளையாரைக் கரைக்கும் முன் கண்களைக் கழற்றி எண்ணி எடுத்து வையுங்கள். பல்லாங்குழிக்காகக் குண்டுமணி வைத்திருந்தால் மூடியுள்ள டப்பாவில் போடுங்கள். இந்த எச்சரிக்கை தவழும் குழந்தை இருக்கும் வீட்டுக்கும் சேர்த்துத்தான்.

பிள்ளையாருக்குப் போட்ட எருக்கம்பூ மாலையையும் குட்டிகள் இழுத்து விளையாட விடாதீர்கள். எருக்கம்பால் கண்ணில் பட்டால் பாதிப்பு கடுமையாக இருக்கும்.

செடி மட்டுமல்ல, தொட்டி மண்ணும்

மாடித்தோட்டக்காரர்கள் முக்கியமாகக் கவனிக்க வேண்டியது இது. ஆமணக்கு விதையில் ரிசின் என்ற கொடிய நஞ்சு இருக்கிறது. எண்ணெய் பிழியும்போது ரிசின் எண்ணெயோடு போவதில்லை, புண்ணாக்கில் தங்கிவிடும். முறையாகச் சூடுபடுத்தி நஞ்சை நீக்காத ஆமணக்குப் புண்ணாக்கை உரமாகப் போட்டால், நாய்க்கு அது தீனி வாசனை அடிக்கும். எலும்புத்தூளும் சேர்ந்திருந்தால் கேட்கவே வேண்டாம். தொட்டியையே கவிழ்த்துத் தின்னும்.

ரிசின் பாதிப்பு உடனே தெரியாது. சில மணி நேரமோ, ஒரு நாளோ கழித்துத்தான் கடும் வாந்தி, ரத்தம் கலந்த வயிற்றுப்போக்கு தொடங்கலாம். நாய் வளர்ப்பவர்கள் உரம் வாங்கும்போது பையில் என்னென்ன கலந்திருக்கிறது என்று படித்துப் பாருங்கள். ஆமணக்குப் புண்ணாக்கு இருந்தால் தவிர்த்துவிட்டு, மட்கிய தொழுவுரம், மண்புழு உரம் என்று மாறிவிடலாம்.

தின்றுவிட்டால் என்ன செய்வது?

1. வாயில் மிச்சம் இருப்பதை எடுத்துவிட்டு, பிராணியைச் செடியிடமிருந்து பிரித்து வேறு அறைக்குக் கொண்டுசெல்லுங்கள். இன்னொரு பிராணி இருந்தால் அதையும் பாருங்கள்.

2. செடியை போட்டோ எடுங்கள். இலை, பூ, காய், முழுச்செடி எனத் தனித்தனியாக. ஒரு கிளையை பாலித்தீன் பையில் போட்டுக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். வாந்தி எடுத்திருந்தால் அதையும் போட்டோ எடுங்கள்.

3. எத்தனை மணிக்கு, சுமார் எவ்வளவு தின்றது, பிராணியின் எடை என்ன என்பதை போனில் குறித்துக்கொள்ளுங்கள். பதற்றத்தில் எல்லாம் மறந்துபோகும்.

4. அறிகுறி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். உண்மையான லில்லி, டே லில்லி, சைகஸ், அரளி, பொன்னரளி, அடீனியம், செங்காந்தள், ஊமத்தை, குண்டுமணி, ஆமணக்கு என்றால், பிராணி நன்றாக விளையாடிக்கொண்டிருந்தாலும் உடனே கிளம்புங்கள்.

5. பூனையின் ரோமத்தில் லில்லி மகரந்தம் ஒட்டியிருந்தால் ஈரத்துணியால் துடைத்து எடுத்து, மேலும் நக்காதபடி துண்டில் சுற்றித் தூக்கிச் செல்லுங்கள்.

இதையெல்லாம் செய்யாதீர்கள்

உப்புக் கரைசல் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது நம் வீடுகளில் இன்னும் இருக்கும் பழக்கம். அதிக உப்பே நாய்க்கு நஞ்சு. வாந்தி எடுக்க வைப்பதா வேண்டாமா என்பதை மருத்துவர் மட்டுமே முடிவு செய்ய வேண்டும். மயக்கத்தில் இருக்கும் பிராணிக்கு அது நுரையீரலுக்குள் போய்விடும்.

தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், பச்சை முட்டை என்று எதையும் வாயில் ஊற்றாதீர்கள். பால் நஞ்சை முறிக்காது. மனிதர்களுக்கான மாத்திரைகளையும் கொடுக்காதீர்கள். பாராசிட்டமால் மாத்திரை பூனையின் உயிரையே எடுத்துவிடும்.

முயல் வளர்ப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. முயலால் வாந்தி எடுக்கவே முடியாது. எனவே வாந்தியை அறிகுறியாக எதிர்பார்த்திருக்க முடியாது. தின்பதை நிறுத்தினாலோ, புழுக்கை போடுவது நின்றாலோ உடனே மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

எங்கே போவது?

உங்கள் வீட்டுக்கு அருகில் இருக்கும் கால்நடை மருத்துவரின் எண்ணையும், இரவிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் திறந்திருக்கும் ஒரு மருத்துவமனையின் எண்ணையும் இன்றே விசாரித்து போனில் சேமித்துவையுங்கள். சென்னை வேப்பேரியில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரி, நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு கல்லூரிகள் ஆகியவற்றில் மருத்துவமனைகளும் இருக்கின்றன. அருகில் இருப்பவர்கள் அவற்றின் நேரத்தை முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். ஆடு, மாடு வளர்ப்பவர்கள் கால்நடைகளுக்கான நடமாடும் மருத்துவ ஊர்தி சேவையை 1962 என்ற எண்ணில் அழைக்கலாம்.

செடியும் வேண்டும், செல்லமும் வேண்டும்!

இவ்வளவையும் படித்துவிட்டுத் தோட்டத்தையே காலி செய்ய வேண்டியதில்லை. அரிக்கா பாம், பாஸ்டன் ஃபெர்ன், ஸ்பைடர் பிளான்ட், பெபரோமியா, கலத்தியா, ஆப்பிரிக்கன் வயலட், மல்லிகை, ரோஜா, வாழை ஆகியவை நாய்க்கும் பூனைக்கும் நஞ்சு இல்லாதவை. ரோஜாவில் முள் மட்டும் கவனம். நஞ்சில்லாத இலையாக இருந்தாலும் நிறையத் தின்றால் வாந்தி வரலாம். அதில் பயப்பட ஏதும் இல்லை.

கொறிக்கும் ஆசை உள்ள பிராணிக்கு அதற்கென்றே ஒரு தொட்டி கொடுங்கள். அகலமான தொட்டியில் கோதுமையை ஊறவைத்து விதைத்தால் ஒரு வாரத்துக்குள் புல் எழும்பிவிடும். அருகம்புல்லும் வளர்க்கலாம். மருந்து தெளிக்காத புல்லாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

பிறகு, இந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். வீட்டுக்குள், பால்கனியில், மாடியில், வாசலில் இருக்கும் ஒவ்வொரு செடியையும் போட்டோ எடுத்து, நர்சரியிலோ தோட்டக்கலை தெரிந்தவரிடமோ காட்டி, அதன் முழுப்பெயரைக் கேளுங்கள். “பாம்னா எந்த பாம்?”, “லில்லின்னா எந்த லில்லி?” என்று விடாமல் கேளுங்கள். ஐஸ்க்ரீம் குச்சியில் மார்க்கரால் பெயரை எழுதித் தொட்டியில் செருகுங்கள். வீட்டில் குழந்தைகள் இருந்தால் இந்த வேலையை அவர்களிடமே கொடுக்கலாம், உற்சாகமாகச் செய்வார்கள். ஆபத்தான செடி என்றால் குச்சியின் முனையில் சிவப்பு மை.

நீங்கள் ஊரில் இல்லாத நாளில் பக்கத்து வீட்டுக்காரரோ, பாட்டியோ நாயைத் தூக்கிக்கொண்டு ஓட வேண்டி வந்தால், தொட்டியில் இருக்கும் அந்தக் குச்சியை மட்டும் பிடுங்கிக்கொண்டு போனால் போதும். மருத்துவரின் முதல் கேள்விக்குப் பதில் தயார்.